வீட்டுக்குள் முயல்: எதைக் கண்டால் என்ன செய்வது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் முயல் பெரும்பாலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலிருந்து அட்டைப் பெட்டியில் வீட்டுக்கு வருகிறது. அதோடு இரண்டு பொய்களும் இலவசமாக வருகின்றன. ஒன்று, "தண்ணி வைக்காதீங்க, குடிச்சா செத்துடும்." இன்னொன்று, "காங்கோங் கீரையும் கேரட்டும் போதும்." தண்ணீர் இல்லாத முயல்தான் சாகும். காங்கோங்கும் கேரட்டும் மட்டும் தின்கிற முயல் கொஞ்சம் மெதுவாகச் சாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் ஒரு பழக்கம் எல்லோருக்கும் வேண்டும்: காலையில் முயலைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் கழிவுத் தட்டைப் பாருங்கள். முயல் இரையாகும் பிராணி. வலியைக் காட்டினால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் உயிர் போகிற வரை சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் நடிக்கும். புழுக்கைக்கு நடிக்கத் தெரியாது.

நல்ல புழுக்கை உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில், ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே மரத்தூள்போல் புல் நார் உதிர வேண்டும். நாற்றம் இருக்காது. வளர்ந்த முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 வரை போடும். எண்ண வேண்டாம்; நேற்றைய தட்டுக்கும் இன்றைய தட்டுக்கும் வித்தியாசம் கண்ணில் பட்டால் போதும்.

தின்னவில்லை, புழுக்கையும் இல்லை

இதுதான் முதல் அவசரம். முயலின் குடல் நிற்காமல் ஓடவேண்டிய இயந்திரம். 10, 12 மணி நேரம் எதுவும் உள்ளே போகாமல், எதுவும் வெளியே வராமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற குடலில் காற்று சேரும், காற்று வலிக்கும், வலி இன்னும் தின்னவிடாது. "நாளைக்குப் பார்ப்போம்" என்பது இந்த ஒரு விஷயத்தில் செல்லாது.

மூலையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறதா, அரைக்கண் மூடியிருக்கிறதா, பல்லை நறநறவென்று கடிக்கிறதா என்று பாருங்கள். தடவிக் கொடுக்கும்போது மெல்லிசாகப் பல் உரசுவது சந்தோஷம். தொடாமலே சத்தமாகக் கடிப்பது வலி. காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உடல் சூடு இறங்குகிறது. முயலின் சாதாரண உடல் சூடு 38.5 முதல் 40 செல்சியஸ். 38-க்குக் கீழே போனால் நிலைமை மோசம். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

அடுத்து வயிறு. விலா எலும்புக்குப் பின்னால் இரண்டு விரலால் மெதுவாகத் தொடுங்கள். மாவு பிசைந்ததுபோல் மெத்தென்றிருந்தால் குடல் மந்தம். பந்துபோல் விறைத்து உப்பியிருந்தால் அடைப்பாக இருக்கலாம். இந்த இரண்டாவது வகைக்கு வாய் வழியாக எதுவுமே கொடுக்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது; உள்ளே போனதற்குத் திரும்பி வரும் வழி இல்லை.

வயிறு மெத்தென்றிருந்து, மருத்துவரைப் பார்க்கச் சில மணி நேரம் ஆகுமென்றால், பெல்லட் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயின் ஓரமாக, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி வழியே, ஒரு நேரத்தில் அரை மில்லி, ஒரு மில்லி என்று கொடுக்கலாம். விழுங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். குழந்தைகளுக்கு வயிற்றுக் காற்றுக்குக் கொடுக்கும் சிமெத்திக்கோன் சொட்டு மருந்தால் கெடுதல் இல்லை. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் கெடுதல். ஓமத் தண்ணீர், சோடா, பால் வேண்டவே வேண்டாம்.

ஊரில் நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள் உண்டு. எனவே நல்ல நாளிலேயே போன் போட்டு, "முயல் பார்ப்பீங்களா, ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பாங்க" என்று கேட்டு எண்ணை வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் நேரத்தை அப்போது தேடலில் கழிக்கக் கூடாது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அமோக்சிசிலின் வகையா? அது வாய் வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, முயலையும் கொல்லும். வீட்டு அலமாரியில் மீதமிருக்கும் பிள்ளைகளின் மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

ஏன் வந்தது என்பதைப் பிறகு யோசிக்கலாம். பெரும்பாலும் புல் குறைவு. சில சமயம் பட்டாசுச் சத்தம், வெயில், பல் வலி. முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். புல் அரைத்தால்தான் தேயும். மோவாய் ஈரமாக இருந்து, மெல்லியதை மட்டும் தின்று புல்லை ஒதுக்கினால், கடைவாய்ப் பல்லில் முள் கிளம்பியிருக்கிறது. அதை வீட்டில் வெட்டக் கூடாது. நகம் வெட்டியால் வெட்டினால் பல் நெடுக விரியும்.

மத்தியானம் மல்லாந்து படுத்து மூச்சு வாங்குகிறது

28 செல்சியஸுக்கு மேலே முயலுக்குச் சங்கடம். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் ஊரில் மத்தியானம் 33 என்பது சாதாரணம். லயத்து வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேலே. முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியேற்ற அது பெரும்பாலும் நம்பியிருப்பது காது இரண்டையும்தான்.

காது சிவந்து, நரம்பு புடைத்து, மூக்கு ஈரமாகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெயில் அடித்த முயல். குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளையும் பாதங்களையும் துடைத்துக்கொண்டே இருங்கள். காற்றாடியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். திடீர்க் குளிர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே பூட்டிவிடும்; அதிர்ச்சியிலும் போய்விடும். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சு தணிந்தாலும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், உள்ளுறுப்பு அடி பட்டிருக்கலாம்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. வீட்டில் பகல் 2 மணிக்கு எந்தத் தரை சில்லென்று இருக்கிறது என்று வெறும் காலோடு நடந்து பாருங்கள். பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால், குளியலறைச் சுவரை ஒட்டி. முயலின் இடம் அதுதான், வரவேற்பறை ஜன்னலோரம் இல்லை. ஒன்றரை லிட்டர் பாட்டில்கள் நாலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். காலை 11-க்கு இரண்டு, 2-க்கு இரண்டு. பழைய துணியில் சுற்றி வையுங்கள். முயல் தானாக வந்து சாய்ந்துகொள்ளும். வெறும் காற்றாடி மட்டும் அதிகம் உதவாது, வியர்க்காத உடம்பில் காற்று எதை உலர்த்தும்? ஈரத் துணியை முன்னால் தொங்கவிட்டால் கொஞ்சம் பலன் உண்டு.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 100 மில்லி என்று கணக்கு வையுங்கள். வெயில் நாளில் அதற்கு மேலும் குடிக்கும். கனமான பீங்கான் கிண்ணம் நல்லது. உருண்டை நுனி பாட்டிலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அடைத்துக்கொண்டாலும் வெளியே தெரியாது.

பின்பக்கத்தில் பசை, தரையில் கறுப்புக் களிம்பு

"வயிற்றுப்போக்கு" என்று ஓடிவருகிறவர்களில் பலருடைய முயலுக்கு வயிற்றுப்போக்கே இருக்காது. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். உருண்டைப் புழுக்கை ஒன்று. மற்றது, சின்னத் திராட்சைக் கொத்துபோல் ஒட்டிக்கொண்டு, பளபளப்பாக, காரமான வாடையோடு வரும் மென்புழுக்கை. இதை முயல் குனிந்து நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும். அருவருப்பாக இருந்தாலும் தடுக்காதீர்கள்; குடல் கிருமிகள் தயாரித்த புரதமும் பி வைட்டமினும் அதில்தான் இருக்கின்றன. அதைத் தின்னாமல் மிதித்து வைத்தால்தான் கோளாறு.

தின்னாததற்கு முக்கியக் காரணம் இரண்டு: தேவைக்கு மேல் சத்து, அல்லது குனிய முடியாத தொப்பை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ரொட்டி, சோறு, பிஸ்கட், வாழைப்பழம், பூசைக்கு வைத்த சுண்டல் எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள். பாட்டி ஆசையாக ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும் இதில் சேர்த்தி. பெல்லட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்: ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். களிம்பு விழும் முயலுக்கு அதிலும் பாதி, இரண்டு வாரத்துக்கு. புல் மட்டும் எப்போதும், எல்லையில்லாமல்.

தண்ணீராகவே போனால் அது வேறு. குட்டி முயலென்றால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உடனே மருத்துவர்.

பின்பக்கம் அழுக்காக இருக்கும் முயலைக் காலையும் மாலையும் திருப்பிப் பாருங்கள். நம் சூட்டில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு. புழு ஒன்று தெரிந்தாலும் நூறு உள்ளே இருக்கும். முயல் கழுவுவதற்கு உகந்த பிராணி இல்லை. முழுக்குளியல் பயத்திலும் குளிரிலும் உயிரை வாங்கும். பின்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு அங்குல ஆழத்தில் நனைத்து, களிம்பை விரலால் ஊறவைத்து எடுத்து, துண்டால் நன்றாக உலர்த்திவிடுங்கள்.

புழுக்கைகள் மாலைபோல் மயிரில் கோர்த்து வந்தால் முயல் மயிர் உதிர்க்கிறது என்று அர்த்தம். தினமும் சீவிவிடுங்கள், புல்லைக் கூட்டுங்கள்.

புல் எங்கே கிடைக்கும்?

இது அறிகுறி இல்லைதான். ஆனால் மேலே சொன்ன கோளாறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இறக்குமதி திமோத்தி புல் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்காது, விலையும் கடிக்கும். சுற்றிலும் தோட்டம், புல்லுக்குப் பஞ்சமா என்று தோன்றும். பஞ்சம் இல்லை, விஷம் உண்டு. செம்பனை மரத்தின் அடிவட்டத்திலும் நடைபாதையிலும் முறை வைத்துக் களைக்கொல்லி மருந்தடிக்கிறார்கள். பாராகுவாட்டுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் தொடர்கின்றன. மருந்தடித்த புல் இரண்டு மூன்று நாள் பச்சையாகத்தான் இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைப் பூப் பூக்கும் இஸ்ரேல் புல்லை ஆட்டுக்குப் போடுகிறார்களே என்று முயலுக்கும் அறுத்து வருகிறவர்கள் உண்டு. செடியில் குற்றமில்லை. எந்த வரிசையில், எப்போது மருந்தடித்தார்கள் என்று வேலைக்குப் போகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் தவிர, தோட்டத்துக்குள் அரிவாள் வைக்காதீர்கள். சாலையோரமும் கோயில் திடலும் நகராண்மைக் கழகக் குத்தகைக்காரர்கள் மருந்தடிக்கும் இடங்கள்.

சிறந்த வழி வீட்டுப் பின்புறத்தில் நேப்பியர் புல் தண்டு நாலு நடுவது. மூன்று கணு உள்ள துண்டு, இரண்டு கணு மண்ணுக்குள், சாய்வாக. இரண்டு மாதத்தில் முதல் அறுப்பு. இடுப்பளவு வளர்ந்ததும் அறுங்கள். ஆளுயரம் போனால் தண்டு மரத்துவிடும், இலை ஓரம் கீறும். அறுத்ததைக் கழுவி, நிழலில் தண்ணீர் வடியவிட்டுப் போடுங்கள். எலி மூத்திரம் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் தோட்டப்புறத்தில் புதிதல்ல. கழுவுவது உங்கள் கைக்கும் சேர்த்துத்தான். மிஷினில் வெட்டிய புல் குவியலைத் தொட்டால் உள்ளே சூடாக இருக்கும். அது புளிக்கத் தொடங்கிவிட்டது, போடாதீர்கள்.

காய்ந்த புல் வாங்கினால் பிளாஸ்டிக் பையை இறுகக் கட்டி வைக்காதீர்கள். அக்டோபர், நவம்பர் மழையில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துணிப் பையில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தூசி பறந்தால், பழைய பாய் வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

கீரை நாளைக்கு ஒரு கைப்பிடி, ஒரே வகையாக இல்லாமல்: சாவி (கடுகுக்கீரை), கொத்தமல்லி, புதினா, வல்லாரை, கொஞ்சம் காங்கோங். முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து அதிகம், எப்போதாவது போதும். கேரட் வாரத்துக்கு இரண்டு முறை, கட்டை விரல் நகம் அளவு. மரவள்ளி இலை, வெங்காயம், பூண்டு, அரளி, மணி பிளாண்ட் கூடாது. சாமி படத்துக்குப் போட்ட மாலையில் அரளி இருந்தால் மாலை கீழே விழாத உயரத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூத்திர வாடை

முயல் நாறாது. அதன் மூத்திரமும் புதிதில் அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக உடைக்கும்போதுதான் கண் எரியும் அந்த வாடை. சூட்டிலும் ஈரத்திலும் இந்த வேலை வேகமாக நடக்கும். அம்மோனியா தட்டையொட்டியே கட்டியிருக்கும். குனிந்து உங்கள் மூக்கைத் தட்டுக்கு ஒரு சாண் மேலே வைத்துப் பாருங்கள். உங்களுக்கு அரை நிமிடம். முயலுக்கு இருபத்துநாலு மணி நேரம்.

ஹார்ட்வேர் கடையில் 40 சென்டிமீட்டருக்கு 30 அளவுள்ள, விளிம்பு ஒரு சாண் உயரமான பேசன் வாங்குங்கள். ஒரு பக்க விளிம்பை வெட்டி வாசல் ஆக்கி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். அடியில் பேப்பர் நாலு மடிப்பு, அதன் மேல் பூனைக்கு விற்கும் பைன் மரக்கட்டைக் குச்சிகள் 2 சென்டிமீட்டர், அதன் மேல் ஒரு கைப்பிடி புல். குச்சி நனைந்தால் தூளாக உதிரும், எங்கே நனைந்தது என்று தெரிந்துவிடும். அந்த மூலையை மட்டும் தினமும் அள்ளிவிட்டு, முழுவதையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டுங்கள்.

கட்டியாகும் பூனை மணல் வேண்டாம். முயல் தின்று பார்க்கும், வயிற்றில் சிமெண்டாகும். பர்னிச்சர் தொழிற்சாலையில் இலவசமாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தூளும் வேண்டாம். அந்த மரத்துக்குப் பூச்சி பிடிக்காமல் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள், பசையும் கலந்திருக்கும், தூசி மூக்கைக் கெடுக்கும்.

பேசன் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சோப்பு அதைத் தொடாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றி அரை மணி நேரம் விட்டால் நுரைத்துக் கழன்றுவிடும். குளோராக்ஸ் மாதிரியான வெளுப்பான் போட்டே ஆகவேண்டுமென்றால், முதலில் மூத்திரத்தை வெறும் தண்ணீரில் சுத்தமாகக் கழுவுங்கள், வினிகர் ஊற்றிய அன்று போடாதீர்கள். வெளுப்பான் அம்மோனியாவோடும் வினிகரோடும் சேர்ந்தால் விஷவாயு. மூடிய குளியலறையில் முயலுக்கு முன்னால் நீங்கள் விழுவீர்கள்.

தட்டு இருந்தும் வெளியே போகிறது

ஒரே மூலையில் போனால் முயல் சொல்வது தெளிவு: "தட்டை இங்கே வை." வைத்துவிடுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும்; எனவே புல்லைத் தட்டில் ஒரு ஓரமாகவே வைப்பதுதான் மொத்த வித்தையும். வெளியே விழுந்த புழுக்கையைப் பொறுக்கித் தட்டில் போடுங்கள். அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். அது கற்றுக்கொள்வது ஒன்றுதான், உங்களைக் கண்டால் ஓடுவது.

சோபா, மெத்தை, உங்கள் கால் என்று எல்லாவற்றிலும் பீய்ச்சினால் அது வயதுக்கு வந்த கோளாறு. 4 மாதத்துக்குமேல் ஆணிலும் 5, 6 மாதத்தில் பெட்டையிலும் தொடங்கும். கருத்தடைதான் தீர்வு. பெட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு: கருத்தடை செய்யாமல் 4 வயதைத் தாண்டிய பெட்டைகளுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால், முயலுக்கும் அப்படியா என்று கேளுங்கள்; முயலைப் பட்டினி போடக் கூடாது. ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் 6 வாரம் வரை குட்டி உண்டாக்கும் சக்தி இருக்கும், பெட்டையோடு விடாதீர்கள்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென்று சொட்டுச் சொட்டாகக் கண்ட இடத்தில் போனால் அது குறும்பு இல்லை. மூத்திரப்பையில் சுண்ணாம்புச் சேறு அல்லது கல் இருக்கலாம்.

மூத்திரம் சிவப்பு

தின்ற கீரையின் நிறமிகளால் ஆரஞ்சிலிருந்து சிவப்பு வரை போகும். நிறம் முழுக்க ஒரே சீராக இருந்து, முயல் துள்ளிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் பாருங்கள். மஞ்சள் மூத்திரத்தில் தனியாகச் சிவப்புத் திட்டு மிதந்தால் அது ரத்தம். பெட்டையென்றால் கருப்பையை நினையுங்கள். பால்போல் கலங்கியிருப்பது சுண்ணாம்பு, ஓரளவு சாதாரணம். பற்பசைபோல் கெட்டியாக வந்தால் சாதாரணமில்லை.

பின்னங்காலின் அடியில் மயிர் போய்ச் சிவந்திருக்கிறது

கடைக் கூண்டின் கம்பித் தரைதான் காரணம். முயலின் பாதத்தில் பூனைபோல் மெத்தை இல்லை, வெறும் மயிர்தான். கம்பியை மூடுங்கள். ரப்பர் புதிர்ப்பாய் வேண்டாம், பிய்த்துத் தின்று குடலை அடைத்துக்கொள்ளும். கோரைப்பாய், பருத்திக் கால்மிதி, துவைத்த கோணிச்சாக்கு நல்லது. மழமழப்பான டைல்ஸ் தரையிலும் கால் வழுக்கி இடுப்பு போகும், ஓடும் வழியில் எதையாவது விரியுங்கள். நகம் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். புண் திறந்து ஈரமாகிவிட்டால் மஞ்சள் பத்து போட்டு மறைக்காதீர்கள், உள்ளே எலும்பு வரை போகும்.

சொறிகிறது, மூக்கிலும் காதோரத்திலும் பொருக்கு

சாம்பல் நிறப் பொருக்கு மூக்கு நுனி, காது விளிம்பு, நகக்கண் என்று தொடங்கினால் சொறிப்பூச்சி. உங்கள் கைக்கும் தொற்றி அரிக்கும். மருத்துவர் எடைக்கு அளந்து ஐவர்மெக்டின் ஊசியோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ தருவார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வேண்டும், முட்டை பொரித்து வருவதால். பொருக்கைப் பிய்க்காதீர்கள், தானே உதிரும். மண்ணெண்ணெய் தடவுவது பழைய தோட்டத்து வைத்தியம், நக்கினால் நுரையீரல் போகும். நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்து மீதம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். முயலுக்கு அது நேரடி விஷம்.

தும்மல்

புது முயலுக்கு இரண்டொரு தும்மல் பரவாயில்லை. முன்னங்காலின் உள்பக்க மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தால் மூக்குச் சளியைத் துடைத்திருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் வீட்டைப் பாருங்கள்: நனைந்த தட்டு, கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல முடியாது. போடும் நேரத்தில் முயலைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தி, புகை அடங்கிய பிறகு கொண்டுவாருங்கள்.

ஒயரைக் கடிக்கிறது

காட்டு முயல் வளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வேரைக் கடித்து வழி செய்யும். உங்கள் கைப்பேசிச் சார்ஜரும் அதற்கு ஒரு வேர்தான். வேப்பெண்ணெய், மிளகாய் தடவுவது இரண்டு நாள் வேலை செய்யும். நிரந்தர வழி ஹார்ட்வேர் கடையில்: சுவரோடு போகும் ஒயருக்கு பிவிசி டிரங்கிங், தரையில் கிடப்பதற்கு வரிவரியான வளைகுழாய், நெடுக்கக் கீறி ஒயரை உள்ளே தள்ளி. குளிர்பெட்டிக்குப் பின்னால் போகவே விடாதீர்கள். ஒரு பலகை போதும். இ.எல்.சி.பி. என்ற, மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், விழவில்லை என்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் முயலைத் தொடுங்கள்.

இரவில் காலை உதைத்துத் தட்டுகிறது

பின்னங்காலால் தரையைத் தட்டுவது எச்சரிக்கை. தோட்டத்தையொட்டிய வீட்டில் அதை அலட்சியம் செய்யாதீர்கள். எலி வந்திருக்கும், எலியைத் தேடி மலைப்பாம்போ நாகமோ வந்திருக்கலாம். சிந்திய பெல்லட்தான் எலிக்கு அழைப்பு, இரவு 9 மணிக்குமேல் கிண்ணத்தில் புல் தவிர எதுவும் வேண்டாம். சாக்கடைத் துளை, கதவடி இடைவெளி, குழாய் நுழையும் ஓட்டை எல்லாவற்றுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலை அடியுங்கள். எலிக்கு விஷக்கட்டி வைக்காதீர்கள். எலி அதைக் கவ்விக்கொண்டுபோய் முயலின் புல்லில் போட்டுவிடும். தின்றதாகச் சந்தேகம் இருந்தால், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் தெரியும்வரை காத்திருக்காமல் விஷத்தின் உறையோடு மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தை உறையவிடாத வகை விஷமென்றால், கே1 வைட்டமின் நேரத்தோடு போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

தீபாவளி இரவுக்கும் டெங்கிப் புகையடிப்புக்கும் ஒரே ஏற்பாடு: வீட்டின் நடுவறை, மூடிய ஜன்னல், ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் வெட்டிய அட்டைப் பெட்டி, நிறையப் புல். பட்டாசு என்றால் காற்றாடியை வேகமாக வைத்து, சத்தத்தைச் சத்தத்தால் மூடுங்கள். சுகாதார இலாகா வண்டி புகையடிக்க வருவதாகத் தெரிந்தால், முடிந்தால் முயலை அடுத்த தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். திரும்பி வரும்போது வெளியில் இருந்த புல், கீரை, தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தரையைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, காய்ந்த பிறகு இறக்கிவிடுங்கள். புகைமருந்தோடு கலந்து வரும் டீசல் பிசுக்கு பாதத்தில் ஒட்டும். பாதத்தை அது நக்கும். மறுநாள் காலை தட்டைப் பாருங்கள்.